தீர்ப்பை நம் மொழியில் சொல்பவள்

கவாங்வாரே, நைரோபி
14 மார்ச் 1986

மிதேவாவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொல்லியனுப்பினாள். நீயாக ஒரு வரி எழுதவில்லை. சரி, நானே எழுதுகிறேன்.

எங்கள் பீர் கம்பெனியில் அந்த டைப்பிஸ்ட் இடத்துக்காக நான் யார் யார் வாசலில் நின்றேன் என்று உனக்குத் தெரியாது. மேனேஜர் கிச்சூகி என்னைப் போன்ற லாரி டிரைவருக்கு முகம் கொடுத்துப் பேசுகிறவர் இல்லை. அவர் பின்னால் மாதக்கணக்கில் அலைந்து, என் தங்கச்சி நன்றாக டைப் அடிப்பாள், ஒழுங்கான பெண் என்று சொல்லிச் சொல்லி வாங்கிய இடம். நீ வந்தாய். ஒரு காலை நேரம் உட்கார்ந்தாய். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எழுந்து அவர் அறைக்குப் போய், "பீர் விக்கிற கடுதாசிய என்னால அடிக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

இப்போது டிப்போவில் என் பெயர் பாஸ்டர். பெட்டி ஏற்றும்போது, "பாஸ்டர், ஜெபம் பண்ணிட்டு ஏத்தலாமா?" என்கிறார்கள்.

குவேக்கர் என்று சொல்கிற நண்பர்கள் சபையில் பிறந்தவன்தான் நானும். குடிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, சத்தியம் செய்யக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் உனக்குச் சொன்னபோது உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் நீ டைப் படித்த இரண்டு வருடமும் உன் கட்டணம் எந்த லாரியில் வந்தது? அந்தப் பணத்தில் அப்போது வாடை அடிக்கவில்லையா?

இனி வேலைக்கு என்னைக் கேட்காதே. உன் மனச்சாட்சிக்கு ஏற்ற கம்பெனி எங்காவது இருந்தால் விலாசத்தை எனக்கும் அனுப்பு.

அசாவா


சவாகாலி
2 ஜூன் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் காரணமில்லை. நீ கேட்ட கேள்விக்கு எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். என் கட்டணம் அந்த லாரியில்தான் வந்தது, நான் வாங்கிக்கொண்டேன். உன்னைப் பத்து பேர் முன்னால் தலைகுனிய வைத்ததற்கு என்னை மன்னித்துவிடு. வேலையை விட்டதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டால் அது பொய்யாகிவிடும்.

அன்று எனக்குத் தந்த முதல் கடிதம் நம் சந்தைப் பக்கம் புதிதாகத் திறக்கப்போகிற மதுக்கடைகளைப் பற்றியது. அவற்றில் யார் யார் போய் உட்காருவார்கள் என்று எனக்குப் பெயர் சொல்லத் தெரியும் அண்ணா. பாதிக் கடிதம் அடித்தேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை.

ஊருக்கு வந்தபின் சும்மா இருக்கவில்லை. புகையிலை வாங்கும் நிலையத்தில் ஆள் கேட்டார்கள், போகவில்லை. ஒரு காவலாளிக் கம்பெனியில் உட்காரச் சொன்ன மேஜைக்குப் பின்னால் துப்பாக்கிகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள், அவற்றின் கணக்கைத்தான் நான் எழுத வேண்டுமாம். அடுத்தது ஒரு வக்கீல். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். மூன்றாம் நாள், ஊரிலேயே இல்லாத ஒருவர் தன் முன்னால் வந்து சத்தியம் செய்து கையெழுத்திட்டதாக ஒரு தாளை அடிக்கச் சொன்னார். "தேதிய மட்டும் கொஞ்சம் முன்னால போட்டுடு பாப்பா, யாரு பாக்கப் போறா?" என்றார். அங்கிருந்தும் வந்துவிட்டேன். அன்று இரவு அம்மா சோளமாவில் உகாலி கிண்டிக்கொண்டே, "உனக்கேத்த வேலைய ஆண்டவர் இனிமேத்தான் உண்டாக்கணும் போல" என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

இப்போது கிடைத்திருக்கிறது. நகரத்துக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். நம் மொழி, சுவாஹிலி, ஆங்கிலம் மூன்றும் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மாஜிஸ்திரேட் ஓடேரா ஏரிப்பக்கத்துக்காரர், நம் மொழியில் ஒரு சொல் தெரியாது. வேலையில் சேரும் நாள் பைபிளை நீட்டினார்கள். எங்கள் சபையில் சத்தியம் செய்வதில்லை, உண்மையாகச் சொல்வேன் என்று உறுதி மட்டும் தருகிறேன் என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"சத்தியம் பண்ணாம இருந்தா பொய் சொல்ல மாட்டியா?"

"பண்ணினாலும் சொல்ல மாட்டேங்க ஐயா. அதனாலதான் பண்றதில்ல."

சிரித்துவிட்டு, உறுதிமொழி என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்.

போன வாரம் எல்லைத் தகராறில் ஒரு பெண். தான் சொன்னது ஆங்கிலத்தில் போவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் என் பக்கம் திரும்பி, "நான் இவ்வளவு நல்லாவா பேசினேன்?" என்று கேட்டாள். உள்ளதை உள்ளபடி சொல்வதற்கு யாரோ சம்பளம் தருகிறார்கள் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

உன் தங்கை
மிதேவா


கவாங்வாரே
20 ஜூன் 1986

மிதேவாவுக்கு,

சந்தோஷம். டிப்போவில் எல்லாரிடமும் சொன்னேன், என் தங்கச்சி ஜட்ஜுக்குப் பக்கத்து நாற்காலி என்று. பாஸ்டர் போய் இப்போது வக்கீல் ஆகிவிட்டேன். கேலி செய்ய அவர்களுக்கு யாராவது ஒருத்தன் வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன், குத்திக்காட்டுவதற்காக இல்லை. கோர்ட்டுக்கு எல்லாரும் எல்லைக்கல்லுக்காக வருவதில்லை. ஆளை உள்ளே தள்ளுவதும் அங்கேதான். பிரம்படி கொடுக்கச் சொல்வதும் அங்கேதான். அதற்கு மேலேயும் உண்டு. பீரில் உன் கை படவில்லை, நல்லது. அங்கே உன் வாய் படும். யோசித்துக்கொள்.

அம்மாவின் முட்டி வலிக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். சூடு காட்டித் தேய்க்கச் சொல்.

அசாவா


சவாகாலி
28 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ எழுதியதை அன்று லேசாக எடுத்துக்கொண்டேன். இப்போது அது என் முன்னால் வந்து நிற்கிறது.

ஜும்பா என்று ஒருவர். செங்கல் சூளையில் வேலை, மனைவியும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். போன வருடம் மூன்று பேர் ஒரு கடைக்குள் புகுந்து, கடைக்காரரை வெட்டுக்கத்தியால் தாக்கி, ரேடியோக்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் அகப்படவில்லை. இவர் அகப்பட்டார். கடைக்காரருக்கு இன்னும் ஒரு கை மடங்குவதில்லை. அவர் கையைத் தூக்கிக் காட்டிச் சொன்ன சாட்சியத்தையும் நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஜும்பாவோ, சாமான் சுமக்க வா என்றுதான் கூப்பிட்டார்கள், வெளியில்தான் நின்றேன், கத்தி இருந்தது தெரியாது என்கிறார். எது நிஜம் என்று எனக்குத் தெரியாது.

அவருக்கு வக்கீல் இல்லை. ஒவ்வொரு தவணையிலும் கூண்டில் ஏறியதும் நான் வந்திருக்கிறேனா என்றுதான் முதலில் பார்ப்பார். "நீ பேசினா எங்க வீட்ல பேசுற மாதிரி இருக்கு தங்கச்சி. பயம் கொஞ்சம் குறையுது" என்று ஒருநாள் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மாஜிஸ்திரேட் கேட்கவும் இல்லை.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி தீர்ப்பு. ஆயுதக் கொள்ளை என்று முடிவானால் சட்டத்தில் ஒரே ஒரு தண்டனைதான். ஓடேரா ஐயாவே நினைத்தாலும் குறைக்க முடியாது. அவர் அதை ஆங்கிலத்தில் சொல்வார், அது ஜும்பாவுக்கு வெறும் சத்தம். அவருக்குப் புரிகிற மாதிரி அந்தச் செய்தி என் வாயிலிருந்துதான் போகும். நேற்று அந்த வாக்கியத்தை நம் மொழியில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். உதடு அசைந்திருக்க வேண்டும். என்ன முணுமுணுக்கிறாய் என்று அம்மா கேட்டாள். சொன்னேன். வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள், அப்புறம் அதை எடுக்கவே இல்லை.

உயிரை எடுக்கிற எதிலும் நமக்குப் பங்கில்லை என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். பீர் கடிதத்தை விட்டு வந்தவள் இதை எப்படிச் சொல்வேன்? நீ என்ன நினைக்கிறாய் என்று உடனே எழுது.

மிதேவா


சவாகாலி
10 செப்டம்பர் 1986

அண்ணனுக்கு,

உன் கடிதம் வரவில்லை, தீர்ப்பு வந்துவிட்டது.

காலையில் ஓடேரா ஐயாவின் அறைக்குப் போய், இன்றைக்கு என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பதிவறையில் இருக்கும் எழுத்தரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வடக்கே புகூசுக்காரர். பேச்சு நம்முடையது போலத்தான், சரியாக நம்முடையது இல்லை.

நான் வெளியே சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நம் சபையில் பாட்டு அதிகம், மௌனம் குறைவு. அந்தக் கொஞ்ச மௌனத்தை வரவழைத்துக்கொள்ளப் பார்த்தேன், வரவில்லை. பிறகு கதவு திறந்து ஆட்கள் வந்தார்கள். தூக்கு என்றார்கள். ஜும்பாவைப் பின்வழியாகக் கூட்டிப் போய்விட்டார்கள், நான் பார்க்கவில்லை.

என் வாயால் அது வரவில்லை. அதுவரைக்கும் நிம்மதி.

மிதேவா


கவாங்வாரே
14 செப்டம்பர் 1986

மிதேவா,

உன் ஆகஸ்ட் கடிதம் வந்தபோது நான் மொம்பாசா ரோட்டில் இருந்தேன். இரண்டையும் ஒன்றாகத்தான் படித்தேன்.

நிம்மதி என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. நான் வெபூயேயில் மூட்டை தூக்கிய காலத்தில் புகூசுப் பையன்களோடு ஒரே அறையில் இருந்தவன். நான் ஒன்று சொன்னால் அவர்கள் வேறொன்று எடுத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரிப்பார்கள். சோறு கேட்கிற இடத்தில் அது வேடிக்கை. கூண்டில் நிற்கிறவனுக்கு? அந்த எழுத்தர் சொன்னது ஜும்பாவுக்குப் புரிந்ததா? அப்பீல் செய்யப் பதினாலு நாள் என்று அவர் சொன்னாரா, சொல்லியிருந்தால் அது இவன் காதில் என்னவாக விழுந்தது? வக்கீல் இல்லாதவனுக்கு அதை வேறு யார் போய்ச் சொல்வார்கள்?

உன் வாய் சுத்தமாக இருக்கிறது. அவன் கழுத்து?

நான் நல்லவன் இல்லை, என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். அதனால் நான் சொல்வதை நீ கேட்க வேண்டாம். போய் அவனைக் கேள்.

அசாவா


சவாகாலி
22 செப்டம்பர் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. சிறைக்கு நேரே போனால் கோர்ட் ஆள் உள்ளே வர அனுமதி வேண்டும் என்பார்கள். அம்மாவின் பெண்கள் சங்கம் மாதத்தில் ஒரு ஞாயிறு சோப்பும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு அங்கே பாடப் போகும். நேற்று அந்த ஞாயிறு. நானும் தலையில் துணி கட்டிக்கொண்டு அவர்களோடு போனேன்.

தண்டனை ஆனவர்களைத் தனியாகக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். ஜும்பா என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கம்பியருகில் வந்தார்.

"தங்கச்சி, அடுத்த தவணை எப்போன்னு உனக்காவது தெரியுமா? இங்க யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

அன்று கோர்ட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். வழக்கைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், பதினாலு நாள் கழித்துப் பார்ப்பார்கள் என்று அந்த எழுத்தர் சொன்னதாகச் சொன்னார். தூக்குக்குப் புகூசுக்காரர்கள் சொல்வது நம் பேச்சில் வழக்கைத் தள்ளிவைப்பது. துணி மாற்றியதற்கும் இடம் மாற்றியதற்கும்கூட அவராக ஒரு காரணம் வைத்திருந்தார். பக்கத்துக் கைதிகள் ஏதோ ஜாடை பேசுவதாகவும், கேலி செய்கிறார்கள் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

நான்தான் சொன்னேன் அண்ணா. எதைச் சொல்லக் கூடாது என்று சுவரோரம் போய் உட்கார்ந்தேனோ அதையே, நம் மொழியில், ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னேன். பின்னால் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஆளு சொன்னப்ப நான் தலையாட்டினேனே" என்றார். "புரிஞ்சுதான்னு கேட்டாங்க. எல்லாரும் பார்த்துட்டிருந்தாங்க. சரின்னு தலையாட்டினேனே."

நானும் உட்கார்ந்தேன். அப்பீலைப் பற்றிச் சொன்னேன், நாளை மறுநாளோடு நாள் முடிகிறது என்றேன். வார்டரிடம் தாள் கேட்டு வாங்கி, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கைநாட்டு வைத்தார். இன்று காலை அது சிறை அலுவலகத்தில் பதிவானதை நின்று பார்த்துவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போனேன்.

கிளம்பும்போது, "நீ ஏன் அன்னிக்கு வரல?" என்று கேட்டார்.

அந்த வார்த்தை என் வாயில் வரக் கூடாது என்று இருந்துவிட்டேன் என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மிதேவா


சவாகாலி
19 அக்டோபர் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். வேலை போகவில்லை. போயிருக்கலாம்.

சிறையில் நடந்ததை ஓடேரா ஐயாவிடம் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னலருகில் போய் நின்றுகொண்டார். "அவன் தலையாட்டினான். நான் பார்த்தேன்" என்றார். பிறகு, அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அப்பீல் கட்டோடு சேர்க்கச் சொன்னார். தன் கோர்ட்டில் நடந்த பிசகைத் தானே மேலே அனுப்பினார், அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் என்னிடம் கடுமையாகத்தான் பேசினார். "பாதிய சொல்லி பாதிய விடுற ஆள் எனக்கு வேண்டாம். எல்லாத்தையும் சொல்லு, இல்லன்னா எதையும் சொல்லாத. திங்கட்கிழமை பதில் வேணும்."

ஞாயிறு பெண்கள் சங்கத்தில் இதை முன்வைத்தேன். டோரிக்கா அக்கா நேராகவே சொன்னாள்: "ஆள தூக்குல போடுற எடத்துல நம்ம சபைப் பொண்ணுக்கு என்ன வேலை? இதுக்கு நீ பீர் கம்பெனியிலயே இருந்திருக்கலாம்." அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தத் தண்டனை இருக்கக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சிலர் அவளுக்குத் தலையசைத்தார்கள். கூட்டத்தில் வாயே திறக்காத நம் அம்மா எழுந்தாள். கால் வலிக்கிறது என்று வெளியே போகப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். "அவ போகாத அன்னிக்கும் தண்டனை நடந்துச்சு. அந்தப் பையனுக்குத்தான் அது தெரியாமப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முடிவு எதுவும் ஆகவில்லை. பாட்டு பாடிக் கலைந்தோம்.

திங்கட்கிழமை, எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன். இரண்டு அனுமதி கேட்டேன். தண்டனை சொல்லும்போது மாஜிஸ்திரேட் பக்கத்தில் இல்லாமல் கூண்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். சொல்லி முடித்தபின் போலீஸ் கூட்டிப்போவதற்கு முன் அந்த ஆளோடு இருந்து எல்லாம் புரிந்ததா என்று கேட்க நேரம் வேண்டும். ஓடேரா ஐயா, சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றார். பிறகு, கூடாது என்றும் இல்லை என்றார்.

இது எனக்கு ஏற்ற வேலைதானா என்று கேட்டால் தெரியாது அண்ணா. காலையில் மட்டாட்டு வேனுக்காக நிற்கும்போது சில நாள் திரும்பி வீட்டுக்கே போய்விடலாம் என்று தோன்றும். டோரிக்கா அக்கா இப்போதும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

மிதேவா


கவாங்வாரே
30 ஆகஸ்ட் 1987

மிதேவாவுக்கு,

ஜும்பாவுக்கு மேல்கோர்ட்டில் ஏழு வருடமாகக் குறைந்துவிட்டது என்ற உன் கடிதம் போன மாதமே கிடைத்தது. கத்தி அவன் கையில் இருந்ததற்குச் சாட்சி இல்லை என்றார்களாமே. கடைக்காரர் முகத்தை நினைத்தால் அதுவும் எனக்கு முழுச் சந்தோஷமாக இல்லை. ஆனால் உயிரோடு இருக்கிறான்.

இதை உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று பத்து நாளாக யோசித்தேன். இந்த மாதம் எனக்கு கிசுமு லைன் போட்டார்கள். பதினெட்டாம் தேதி அங்கிருந்து உங்கள் நகரத்துக்கும் சரக்கு இருந்தது. இறக்குவதற்கு முன்னால் ஒரு நடை கோர்ட்டுக்குள் வந்தேன். கடைசிப் பெஞ்சில் ஒரு தடித்த அம்மாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நீ பார்க்கவில்லை.

அன்றைக்கு என்று பார்த்து அதே மாதிரி வழக்கு. வயசான ஆள் இல்லை, என் வயசுதான் இருக்கும். மாஜிஸ்திரேட் ஆங்கிலத்தில் வேகமாகப் படித்து முடித்தார். நீ எழுந்தாய். மேடையிலிருந்து இறங்கிக் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாய். மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்டது. கோர்ட்டே உன்னைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். மெதுவாக, அம்மா சாவுச் செய்தி சொல்வாளே, அந்தக் குரலில். நீ சொன்னதில் எனக்கே ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, புரியாமல் இருந்தால் தேவலை என்று இருந்தது. அவன் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டான். நீ எங்கேயும் போகவில்லை. போலீஸ்காரன் கைவிலங்கைத் தூக்கிக்கொண்டு வந்தான், நீ கையைக் காட்டி நிறுத்தினாய், அவனும் நின்றான். என் தங்கச்சி சொல்லி ஒரு போலீஸ்காரன் நிற்பான் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. போய்விட்டேன்.

இன்னொன்று. லாரியைக் கோர்ட் வாசலில் நிறுத்த நல்ல இடம் இருந்தது. நான் சுற்றிக்கொண்டு போய்த் தபாலாபீசுக்குப் பின்னால், அதில் எழுதியிருக்கும் பீர் பெயர் தெரியாதபடி நிறுத்தினேன். பதினோரு வருடத்தில் இப்படிச் செய்ததில்லை. ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் வேலையை விடப்போகிறேன் என்று அம்மாவிடம் போய்ச் சொல்லிவைக்காதே. விடவில்லை.

நான் எழுந்தபோது அந்த ஆள் உன்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். என்ன கேட்டான்?

அசாவா


சவாகாலி
8 செப்டம்பர் 1987

அன்புள்ள அண்ணனுக்கு,

வந்துவிட்டுச் சொல்லாமல் போயிருக்கிறாய். அம்மாவுக்குத் தெரிந்தால் இரண்டு நாள் பேச மாட்டாள், அதனால் நானும் சொல்லவில்லை. லாரியை எங்கே நிறுத்தினாய் என்பதைப் பற்றி நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

அவர் முதலில், எப்போது என்று கேட்டார். தெரியாது, அப்பீல் இருக்கிறது, நாள் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன், சரியாகச் சொன்னார். பிறகு, நான் யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். சவாகாலி கிசியாவின் மகள் என்றேன். நம் அப்பாவை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இருந்தும் சொன்னார்:

"வெளியில என் தம்பி நிக்கிறான். உள்ள வரப் பயந்துட்டு நிக்கிறான். வேற யாரும் சொல்லி அவன் கேக்க வேண்டாம். நீயே சொல்லு. என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு."

அது என் வேலையில் சேர்ந்தது இல்லை. ஓடேரா ஐயாவிடம் கேட்காமலே வெளியே போனேன். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், கோட்டு போட்டுக்கொண்டு, நல்ல நாளுக்கு வந்தவர் போல நின்றுகொண்டிருந்தார். சொன்னேன். அவர் அழவில்லை. தலையைத் தலையை ஆட்டினார். எனக்குப் பயம் வந்து, புரிந்ததா, என்ன புரிந்தது என்று சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார், முடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு எந்த வண்டி என்பது அவருக்கு மறந்துவிட்டது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்றே தெரியவில்லை. மட்டாட்டு நிற்கும் இடம் வரை கூடவே நடந்து போய், ஊர் பேரைக் கேட்டு, ஜன்னலோரம் உட்கார வைத்தேன். வண்டி நிறைகிற வரை கீழேயே நின்றேன். நான் கோர்ட்டுக்குத் திரும்பும்போது அடுத்த வழக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லைத் தகராறு.

மிதேவா